சங்கிலியம்மாள் குடித்த சிறுகுறிஞ்சான் கசாயம்

உத்தமபாளையத்துக்கு மேற்கே ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பங்களில் சங்கிலியம்மாள் அளவுக்குக் கால் ஓயாத பெண் கிடையாது. மடை சரியாக இருந்தாலும் மண்வெட்டியை வாங்கி இன்னொரு வெட்டு வெட்டுவாள். கணவர் ராக்கையா அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து இவளே பேசினாள்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபின் அந்த ஓட்டம் வேறு மாதிரி ஆனது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தொண்டை காய்ந்தது. களையெடுக்கும்போது நிமிஷத்துக்கு ஒருதரம் வரப்போரம் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

தேவாரம் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் சுருளியம்மாள் வந்தபோது கண்டுபிடித்துவிட்டாள்.

"மதினி, இது நீரிழிவு. எங்க மலையடியில சிறுகுறிஞ்சான் கொடி கெடக்கு. அந்த எலையையும் ஆவாரம்பூவையும் கொதிக்க வச்சுக் குடிங்க. சீனியை அறுத்துப்புடும்."

கசாயம் கடும் கசப்பு. வாய்க்கு இதமாக ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டாள். மண்ணைத் தின்றதுபோல் இருந்தது. இனிப்பே இல்லை! நாக்குக்கே தெரியாத இனிப்பு உடம்பில் எப்படி ஏறும் என்று சங்கிலியம்மாள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து முதலில் கசாயம், பிறகு பயமில்லாமல் கருப்பட்டிக் காப்பி, பணியாரம், வட்டில் நிறையச் சோறு. தாகம் மட்டும் அடங்கவில்லை. கசாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினாள்.

ஒருநாள் வயலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவளின் பின்னால் தரையெல்லாம் சிவப்புத் தடம்.

"ஏ புள்ள, கால்ல என்ன ரத்தம்?" என்றார் ராக்கையா.

"எங்கன?"

உள்ளங்காலில் கருவேல முள் ஒடிந்து நின்றது. வலிக்கவே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஆனாலும் பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வயலுக்குப் போனாள். விரல்கள் கறுத்தபிறகுதான் வண்டி பூட்டினார்கள்.

உத்தமபாளையத்து டாக்டர் காதர் மைதீன் அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். சீனி மிகுந்திருந்ததால் அது செங்கல் நிறமாகிவிட்டது.

"கசாயம் தவறாமக் குடிக்கேனே டாக்டரய்யா! இனிப்பே தெரியலையே!"

"அந்த எலை நாக்கை மரக்க வச்சிருது. நாக்குக்குத்தான் தெரியலைத்தா. ரத்தத்துல அப்படியே ஏறுது. கசாயம் கொஞ்சம் கேக்கலாம், கேக்காமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது. அதை நம்பி வாயைக் கட்டாம இருக்காதீக."

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். தினமும் இன்சுலின் ஊசி. படுத்தே கிடக்கவேண்டும் என்றதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கிடந்தாள்.

வீடு திரும்பியதும் சுருளியம்மாள் வந்து வாசலிலேயே அழுதாள். "நாந்தான் மதினி உங்களைக் கெடுத்தேன்."

"நீ குடிக்கத்தான சொன்ன? கருப்பட்டியைத் தின்னது நாந்தான. உள்ள வா."

அதன்பின் அளந்த சோறு, கீரை, இனிப்பில்லாத கசாயம். புண் ஆறியது, ஊசியையும் நிறுத்தினார் டாக்டர். அடுத்த சோதனையில் நீலம் லேசான பச்சையோடு நின்றது.

"எதுனால கொறைஞ்சது? கசாயமா, பத்தியமா?" என்று கேட்டாள் சங்கிலியம்மாள்.

"பத்தியம்னுதான் நான் நினைக்கேன்," என்றார் டாக்டர்.

நினைக்கேன் என்ற சொல் அவளைத் தூங்கவிடவில்லை. கசாயத்தை நிறுத்திப் பார்த்தாள்; நாலு நாளில் பயம் வந்து மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள். கடைசிவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. பத்தியத்தை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

விந்தி விந்தி வயலுக்குப் போய்வருவாள். சாயங்காலம் ராக்கையா அவள் பாதங்களை மடியில் வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்ப்பார்.

"ஒண்ணுமில்ல," என்பார்.

"நல்லாப் பாருங்க," என்பாள், அதற்குள் எழுந்திருக்கத் தவித்துக்கொண்டு.