எந்தக் காலைக்குத் திரும்புவது

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை ஒட்டிய ஒரு ஹாட்வெயார் கடையில் அழகையா வேலை செய்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. குழாய் வெட்டுவது, கம்பி நிறுப்பது, லொறியில் வரும் சீமெந்து மூட்டைகளை இறக்கி அடுக்குவது எல்லாம் அவர்தான். கல்யாணம் முடித்த வருடமே தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு இந்தக் கடைக்கு வந்தவர். சிங்களம் சரளமாகப் பேசுவார்; வாசிக்கத்தான் தடுமாறுவார். கிழமை நாட்களில் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை கடை சாத்தியதும் கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு இன்னொரு பஸ், பிறகு தேயிலைக்குள் ஏறும் பாதையில் நடை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மனைவி யசோதா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

வீடு என்றால் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற ஒற்றை அறைகளில், கடைசிக்கு முந்தின காம்பரா. பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் மழைத்தண்ணீர் வடியும் ஒரு கான் மட்டும் ஓடியது. யசோதா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்தாள். ஒரே பிள்ளை கிருஷாந்தி அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள்.

கிருஷாந்திக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஜப்பான் படத்தொடர்கள். அழகையா அதைக் கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"கார்ட்டூன் இல்லப்பா. அனிமே."

"என்னமோ ஒன்னு. எல்லாத்துக்கும் கண்ணு பெருசா இருக்கு."

அந்த வருடம் அவள் பார்த்த தொடர் சனிக்கிழமை தோறும் வந்தது. லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கோயில் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து போனில் இறக்கிக்கொண்டு வருவாள். யாரோ சிங்களத்தில் வசனம் போட்டு ஏற்றியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த வசனங்களை வாசித்துத்தான் அவள் கூடுதலாகச் சிங்களம் கற்றாள். ஞாயிறு காலையில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓடுகிற எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவாள்.

கதை இதுதான். ஒரு கடலோர ஊர். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு ராட்சசன் வந்து ஊரையே மிதித்துப் போடுகிறான். அந்த ஊரில் ஒரு பையனுக்கு மட்டும் அந்த நாளின் காலைக்குத் திரும்பிப் போகிற சக்தி இருக்கிறது. போய் அம்மாவைக் காப்பாற்றினால் கூட்டாளி சாவான். கூட்டாளியைக் காப்பாற்றினால் தங்கச்சி. அதோடு, அவன் திரும்பிப் போகிற ஒவ்வொரு தடவையும் ஊரில் யாரோ ஒருவர் அவனை அடியோடு மறந்துபோவார்.

அழகையா யோசனை சொல்லாமல் இருக்கமாட்டார்.

"ஏன் அந்தக் காலையிலேயே போயி நிக்கிறான்? முந்தின நாளே போயி எல்லாரையும் பஸ்ல ஏத்தி அனுப்ப வேண்டியதுதானே?"

"அப்படிப் போக ஏலாதுப்பா. காலைக்கு மட்டுந்தான் போகலாம்."

"யாரு போட்ட சட்டம் அது?"

"ஐயோ, கதைப்பா! பேசாமப் பாருங்க."

யசோதா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். "ரெண்டு பேரும் பிள்ளைங்கதான். ஒன்னுக்குத் தலை நரைச்சிருச்சு."

நவம்பர் மாதக் கடைசியில் தொடர் முடிய இருந்தது. கடைசி எபிசோட்டில்தான் பெரிய சண்டை. கிருஷாந்தியும் அதே லயத்தின் முன்பாதியில் இருந்த அவள் கூட்டாளி டிலானியும் பல வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. "அப்பா, இந்தச் சனிக்கிழமை வெள்ளனவே வந்துருங்க" என்று அவள் இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னாள். அழகையா கடை முதலாளி ஹபீலிடம் கேட்டு அரைநாள் லீவும் எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் கிழமைதான் புயல் வந்தது. புதன்கிழமை தொடங்கிய மழை விடவேயில்லை. வியாழக்கிழமை பின்னேரம் இருட்டுகிற நேரம் யசோதா கோயில் படிக்கட்டுக்கு வந்து போன் எடுத்தாள். கான் நிரம்பிப் பின்சுவர் ஊறுகிறது என்றாள். மேல் லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம்.

"நீங்களும் போங்க."

"எல்லாரும் சேர்ந்துதான் போறதா பேசியிருக்காங்க. விடியட்டும்னு இருக்கோம். இந்த இருட்டுல, இந்த மழையில பாதை எப்படிங்க எறங்குறது?"

கிருஷாந்தி குறுக்கே புகுந்து, "அப்பா, பஸ் ஓடுமா?" என்று கேட்டாள். அழகையா பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அதன்பிறகு எத்தனை முறை எடுத்தும் போன் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பேராதனையில் மகாவலி ஆறு வீதிக்கு மேலால் ஓடியது. கரண்ட் இல்லை. கடையைத் திறக்கிற பேச்சே இல்லை. அழகையா வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டு, அதை மடித்துவிட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ஹபீல் தடுத்தார். "பாதையெல்லாம் ஒடஞ்சி கெடக்குதாம். இப்ப எங்க போகப் போறீங்க? தண்ணி வத்தட்டும், நானே வேன்ல கொண்டு விடுறேன்."

"இல்லீங்க மொதலாளி. நான் போறேன்."

அவர் நடந்தார். ஆற்றைத் தாண்ட முடியாமல் ஒரு நாள் போனது. பிறகு கண்டி, திகன, தெல்தெனிய. சில இடங்களில் லொறிக்காரர்கள் ஏற்றிக்கொண்டார்கள். சில இடங்களில் வீதியே இல்லை. விழுந்த மரங்களின் மேலேறித் தாண்டினார். எதிரே வந்தவர்களிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தார். முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஹுன்னஸ்கிரியவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு ஆட்களின் பேரைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அந்தத் தேத்தண்ணியை வாங்கும்போதே அழகையாவுக்குப் புரிந்துவிட்டது.

மலை வெள்ளிக்கிழமை காலையில் இறங்கியிருந்தது. வெளிச்சம் வந்து ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். லயத்தின் முன்பாதி ஆட்கள் பாதைக்கு இறங்கிவிட்டார்கள். பின்பாதி இறங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இயந்திரம் வர வழியில்லாததால் மீதிப்பேர் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். அழகையா போய்ச் சேர்ந்த மறுநாள் யசோதாவை எடுத்தார்கள். கிருஷாந்தி கிடைக்கவில்லை. பிறகு மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து தோண்டியது. பட்டாளத்து ஆட்கள் வந்து தோண்டினார்கள். ஒரு கட்டத்தில், இனிமேல் தோண்டினால் மேலே நிற்கிற மண்ணும் வந்துவிடும் என்று சொல்லி நிறுத்தினார்கள். அழகையா மட்டும் இன்னும் இரண்டு நாள் தனியாக வெட்டினார். அவரை யாரும் தடுக்கவில்லை, கூட நிற்கவும் இல்லை.

தப்பியவர்களைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். அழகையாவும் அங்கேதான் ஒரு வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்தார். பாணும் பருப்பும் வந்தது. வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சிக்னல் திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம் டிலானி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கிருஷாந்தியின் வயசுதான். லயத்தின் முன்பாதி அவளுடையது. கையில் அவள் அப்பாவின் போன் இருந்தது.

"மாமா, கடைசி எபிசோட் வந்திருச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்க. நான் பாக்கல. தனியாப் பாக்க முடியல மாமா."

 அவர் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "போடு புள்ள" என்றார்.

டிலானி வசனத்தை வாசித்தாள். அவளுக்குக் கிருஷாந்தி அளவுக்கு வேகம் இல்லை. இரண்டு வரி போனபிறகுதான் முதல் வரியைச் சொல்லுவாள். கதையில் அந்தப் பையன் கடைசித் தடவையாகக் காலைக்குத் திரும்பியிருந்தான். இந்தத் தடவை ஊரில் ஒருவருக்குமே அவனைத் தெரியவில்லை. ராட்சசன் வருவதற்குமுன் அவன் வீடு வீடாகப் போய், தன்னைத் தெரியாத ஆட்களிடம் விடைபெறுகிறான். அம்மாவிடம் போய் வழிகேட்பதுபோல ஏதோ கேட்டுவிட்டு நிற்கிறான். தங்கச்சிக்கு ஒரு பழம் கொடுக்கிறான். வயலின் மாதிரி ஏதோ வாசிக்கிறார்கள். டிலானி வாசிப்பதை விட்டுவிட்டு அழுதாள்.

அழகையாவுக்கு ஆத்திரம் வந்தது.

"இது என்னா இது? அவன் வந்துக்கிட்டே இருக்கான், இவன் நின்னு நின்னு பேசிக்கிட்டு இருக்கான். இவ்வளவு நேரம் யாரு குடுப்பா? எங்களுக்கு யாரு குடுத்தா?"

வகுப்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிலானி பயந்துபோய்ப் போனை நிறுத்தினாள்.

"இல்ல, போடு" என்றார் அழகையா குரலைத் தாழ்த்தி. "முடிச்சிருவோம்."

சண்டை நீளமாகப் போனது. வானமெல்லாம் வெடித்தது. பையன் ராட்சசனை இழுத்துக்கொண்டு மூடுபனிக்குள் போனான். இருவரும் திரும்பி வரவில்லை. ஊர் காலைச் சாப்பாடு சாப்பிட உட்கார்ந்தது. யாரும் யாரையும் தேடவில்லை. படம் எடுத்தவர்களின் பேர்கள் ஓடத் தொடங்கின.

டிலானி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிருஷா இத வேற மாதிரி முடியும்னு சொன்னா மாமா. எல்லாருக்கும் கடைசியில ஞாபகம் வரும்னு சொன்னா." பிறகு தயங்கிக் கேட்டாள். "மாமா, உங்களுக்கு அந்த மாதிரி போக முடிஞ்சா எப்ப போவீங்க?"

அவர் உடனே சொல்லத்தான் வாயெடுத்தார். வியாழக்கிழமை பின்னேரம், அந்தப் போன் வந்த நேரம். இருட்டானாலும் பரவாயில்லை, இப்பவே எறங்குங்க என்று கத்தியிருக்கலாம். ஆனால் இறங்கியிருந்தால்? பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை இருந்துவிட்டு அதே காம்பராவுக்குத்தானே திரும்பியிருப்பார்கள். மலை அன்றைக்கு விழாவிட்டால் அடுத்த மழைக்கு விழும். அப்படியென்றால் இன்னும் பின்னால் போக வேண்டும். மந்திரிமார் வந்து, தனி வீடு கட்ட ஏழு பேர்ச் காணித்துண்டு தருவதாகச் சொல்லிக் கல்லு நட்டு, ரிப்பன் வெட்டிவிட்டுப் போன அந்த வருடத்துக்கா? அவர் அன்றைக்குக் கூட்டத்தில் நின்று கைதட்டினார். வேறு என்ன செய்திருக்க முடியும்? கல்யாணம் முடித்த வருடத்துக்குப் போய், பிலிமத்தலாவையில் ஒரு அறை எடுத்து யசோதாவைக் கூட்டி வந்திருக்கலாம். அதையும் அப்போது பேசினார்கள்தான். அவள் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நிலைக்கும். காம்பராவை விட்டால் கையில் ஒன்றும் இல்லை. அதற்கும் முன்னால் போனால் அவருடைய அப்பா, அப்பாவுடைய அப்பா. அவர்களிடம் யாரும் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டதில்லை. எந்தக் காலையில் போய் நின்று பார்த்தாலும் மலை மேலே இருந்தது, அவர்கள் கீழே இருந்தார்கள்.

"தெரியல புள்ள" என்றார்.

யசோதாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார்கள். கிருஷாந்திக்கும் சேர்த்துச் செய்யலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அழகையா ஒத்துக்கொள்ளவில்லை. தை மாதம் முடிந்தபிறகு, யாரும் சொல்லாமலே, மண் மூடிய இடத்துக்குத் தனியாகப் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தார். அது செய்ததாகக் கணக்கா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

கடைக்குத் திரும்பினார். ஹபீல் அவரைப் பாரம் தூக்க வேண்டாம், கதிரையில் உட்கார்ந்து பில் பாருங்கள் என்றார். அழகையா கேட்கவில்லை. மூட்டை தூக்கினால்தான் ராத்திரிக்குத் தூக்கம் வந்தது. சனிக்கிழமை மாலையானால் கைகள் தாமாகவே பையை எடுத்துவிடும். பிறகு அதை மறுபடி ஆணியில் மாட்டுவார்.

பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்று வகுப்பறைகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். வேறு இடம் பார்த்துத் தருவதாகச் சொன்னவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டிலானியின் குடும்பம் இடிந்த லயத்துக்கு அடுத்த லயத்தில் காலியாக இருந்த காம்பராவில் போய் ஏறியது. சுவரில் சிவப்பு மையால், இங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அவள் அப்பா சுதேஷ் அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டினார். டிலானி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தொடர்கள் எதுவும் இப்போது பார்ப்பதில்லை என்றாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகையா அவர்களைப் பார்க்கப் போனார். போனபோது வெயில். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு கூரைத் தகரம் அதிர்கிற அளவுக்கு. அழகையா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, கோயில் மண்டபத்துக்குப் போயிருவோம்."

சுதேஷ் எழும்பவில்லை. "மார்ச்சுல பெய்ஞ்சப்ப நாலஞ்சு தடவை போனோம் அண்ணே. சட்டி பானையெல்லாம் தூக்கிக்கிட்டு. ஒவ்வொரு தடவையும் நனைஞ்சதுதான் மிச்சம். கடைசிப் புள்ளைக்குக் காய்ச்சலும் வந்திருச்சு. எத்தனை வாட்டிதான் போயிப் போயி வர்றது?"

"பின்னுக்குக் கான் நெறையுது சுதேஷ்."

"நெறையட்டும்."

அழகையா டிலானியைப் பார்த்தார். அவள் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா இன்னொரு கரண்டி குழம்பை எடுத்து அவர் கோப்பையில் ஊற்றி, "உக்காருங்க அண்ணே, ஆறிரும்" என்றாள்.

அவர் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். மலை தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து, அவர்களோடு உட்கார்ந்து, சாப்பாட்டைத் தொடர்ந்தார்.