ஏழாவது கோடு

மாப்பிள்ளையைத் திட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அதனால் அன்று நான் ரப்பரைத் திட்டினேன்.

கடலூரில் என் வீட்டுக் கீழ்க்கூடத்தில், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஏழு பென்சில் கோடுகள் இருந்தன. கெடிலம் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு முறையும், தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முப்பத்தோரு வருஷம் அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். பேனா மை ஈரச் சுவரில் கலையும். பென்சில் தண்ணீரில் கரையாது.

நான் மாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டை வாடகைக்கு விடுவது மகளும் மாப்பிள்ளையும் செய்த ஏற்பாடு. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் குடிவருவதாக இருந்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கை. அதனால்தான் கீழ்வீடு கேட்டார்.

அதற்காகச் சிதம்பரத்திலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நான் மருந்துக்கடைக்குப் போய்வர நாற்பது நிமிடம். திரும்பி வந்தால் சுவர் வெறிச்சென்று இருந்தது. தரையெல்லாம் சுருள் சுருளாகக் கறுப்புத் துகள். மாப்பிள்ளை கையில் என் மேஜை ரப்பர், பாதி தேய்ந்துபோய்.

"செவுரு அசிங்கமா இருந்துச்சி மாமா. சுத்தமா அழிச்சிட்டேன்."

இவ்வளவு நல்ல ரப்பர் செய்கிறவனை ஜெயிலில் போடவேண்டும் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் வரும் விஷயத்தை டீச்சரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். டீச்சர் கேட்கவில்லையாம். மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாமாம். யார் பார்த்துக்கொள்வது? மாடிக்குப் பதினேழு படி. எழுந்து உட்காரவே முடியாத ஒருவரை அதில் யார் தூக்கிப்போவது?

மறுநாள் காலை டீச்சர் வந்தார். என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. பென்சிலோடு கீழே இறங்கினேன்.

ரப்பர் எடுப்பது மேலே ஒட்டியிருக்கும் கரியை மட்டும்தான். தேய்க்கத் தேய்க்கக் கரியைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு சுருண்டு உதிரும். அழுத்தி இழுத்த கோட்டின் பள்ளத்தை அதனால் எடுக்க முடியாது. பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் சுற்றிலும் கறுத்து, பள்ளம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

டீச்சர் எதிரிலேயே, தரையிலிருந்து மேலே தேய்த்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு என்று கோடுகள் தேதியோடு எழுந்து வந்தன. ஆறோடு நின்றுவிட்டது. மூன்று தடவை தேய்த்துப் பார்த்தேன். ஏழாவது வரவில்லை. அது போன மழையில் போட்டது. கை நடுக்கத்தில் நான் அழுத்திப் போடவில்லை. ரப்பர் அதை முழுதாகத் தின்றுவிட்டது.

மாப்பிள்ளை குனிந்து ஆறு தேதிகளில் கடைசியானதைப் படித்தார். "இது ஆயி எட்டு வருஷம் ஆவுது டீச்சர். அதுக்கப்பறம் தண்ணியே வரல."

போன மழையில் என்னோடு நின்று சேற்றை வாரிக் கொட்டியவர் அவர்.

"மாப்பிள்ள பொய் சொல்றாரு," என்றேன். "போன வருஷமும் வந்துச்சி. இதோ, ஜன்னலுக்கு நாலு வெரக்கடை கீழ. கோடு இல்ல. என் வாய் வார்த்தைதான்."

விரலைச் சுவரில் வைத்துக் காட்டினேன். டீச்சர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து என் விரல்வரை சாண் போட்டார். மூன்று சாண்.

"எங்கம்மா கட்டிலு ரெண்டு சாண்தாங்க," என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை அன்று என் வீட்டில் சாப்பிடவில்லை. மகள் ஆக்கிய சோறு ஆக்கியபடியே இருந்தது. இருவரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்விட்டார்கள். இன்றோடு பதினெட்டு நாள். ஒரு போன் இல்லை.

அவர்கள் போனதும் ஜன்னலுக்கு நாலு விரற்கடை கீழே அளவுகோலை வைத்தேன். இரண்டு கையாலும் பென்சிலைப் பிடித்து, சுண்ணாம்பு உதிர அழுத்தி இழுத்தேன். முனை இரண்டு தடவை ஒடிந்தது. சீவிச் சீவிப் போட்டு முடித்தேன்.