தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே ஒன்பது அடி

அம்பாசமுத்திரத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். பெரிய தப்பு செய்தது ஒரே ஒரு தடவைதான். அதைக் காட்டிக்கொடுத்தது மும்தாஜ் திரைச்சீலைக்கு அளவெடுக்கக் கொண்டுவந்த டேப்.

மும்தாஜ் நர்ஸ். கணவர் காதர் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். பதினான்கு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சுப்பையா அண்ணாச்சியின் வீட்டை இருவர் பெயரிலும் வாங்க ஏற்பாடு செய்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மூன்று மணிக்குப் பதிவு. சனிக்கிழமை காதருக்கு விமானம். அதை விட்டால் அடுத்த லீவுதான்.

வியாழன் மாலை மும்தாஜ் காதரோடு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள். ஜன்னல்களை அளந்து முடித்ததும், "அண்ணாச்சி, பத்திரத்துல உள்ள அளவையும் பாத்துருவமா?" என்றாள் என்னிடம், விளையாட்டாகத்தான்.

பின்சுவரிலிருந்து பிடித்தோம். டிராஃப்டில் இருந்த ஐம்பத்திரண்டு அடி வாசற்படியோடு முடிந்துவிட்டது. தெரு அதற்கும் ஒன்பது அடி தள்ளி இருந்தது.

"அப்ப இது யாரு எடம்?" என்றார் காதர்.

என் அலுவலகத்துக்கு ஓடிப்போய், சுப்பையா குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அந்த ஒன்பது அடித் துண்டு, வயலோடு சேர்ந்து சுப்பையாவின் தங்கை பேச்சியம்மாளின் பங்கில் கிடந்தது. நான் அண்ணன் பங்கை மட்டும் பார்த்து அளவை எழுதிவிட்டு, 'தெற்கே தெரு' என்பதைப் பழைய பத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. அப்படியே பதிந்திருந்தால் வீடு அவர்களுடையது, வீட்டுக்குப் போகும் வழி வேறொருவருடையது.

களக்காட்டில் இருந்த பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கையெழுத்துப் போடுதேன். ஆனா எங்க அண்ணன் வந்து கூப்பிடட்டும்."

எல்லோருமாகச் சுப்பையாவிடம் போய்ச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ மக கல்யாணத்துக்கே நான் போகல வே. பேச்சு நின்னு ஆறு வருசம் ஆச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

"நானும் வாரேன் அண்ணாச்சி," என்றாள் மும்தாஜ். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வாசல்ல போய் நின்னாப் போதும்."

விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். நான் அந்த ஒன்பது அடியையும் சேர்த்து, பேச்சியம்மாளையும் விற்பவராக்கி, பத்திரத்தைத் திருத்தி வைத்தேன். மதியம் தொழுகை முடிந்து நேராக வந்த காதர், சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். மூன்று மணி ஆயிற்று. மூன்றேகால் ஆயிற்று. மும்தாஜின் போன் கிடைக்கவில்லை. எங்கள் டோக்கனுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் பாக்கி.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் கேட்டது பேச்சியம்மாளின் குரல்தான். "இப்படி மெலிஞ்சு போயிருக்கியே, வீட்டுல சோறு போடுதாங்களா இல்லையா?" பின்னால் இறங்கிய சுப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பேச்சியம்மாளின் ஆதார் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி மும்தாஜ் ஓடிவந்தாள்.

உள்ளே சார்பதிவாளர் சொத்து விவரத்தைப் படித்துக் காட்டி, சம்மதமா என்று கேட்டார். பேச்சியம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை வருசமா என் எடத்த மிதிச்சுத்தான் வீட்டுக்குள்ள போயிருக்கியா?"

சார்பதிவாளரே சிரித்துவிட்டார். கைரேகை, போட்டோ, கையெழுத்து எல்லாம் மளமளவென்று முடிந்தன.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய பத்திரத்தைப் பார்த்து நான்கு எல்லையையும் எழுதிவிடலாம். அது எழுத்து வேலை. வாங்குகிறவர் நாளைக்கு எந்த வழியாக வீட்டுக்குள் போவார் என்று தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். நம்மை நம்பி வருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.