ஈரம் வேண்டாம் என்று ஜெபித்தோம்

சபையாருக்கு என் அன்பு. இந்தச் சாட்சியை என் மனைவி எஸ்தர் வாசிக்கிறாள். எழுதியது நான். புற்றுநோயால் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவள் எங்காவது தடுமாறினால் அதற்கு என் கையெழுத்துதான் காரணம்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் எனக்கு வேலை. துணியில் பொட்டுக் கறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. தொண்டைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தும் நோய் திரும்பி வந்தது. மதுரையில் டாக்டர் ஆபரேஷன் என்றார். நெஞ்சிலிருந்தும் சதை எடுக்க வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நோவு தொண்டையில. நெஞ்ச எதுக்கு சார் அறுக்கணும்?"

"கரண்டு வச்ச இடத்துல தையல் லேசுல ஒட்டாது. பிரிஞ்சா எச்சில் கசிஞ்சு கழுத்துல ஓட்டை விழுந்துரும். ரத்த ஓட்டமுள்ள சதையை மேல போர்த்துனா அந்தப் பயம் குறையும். வரவே வராதுன்னு சொல்லமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் உடைந்துபோனேன். அன்றிலிருந்து இருவரும் முழங்காலில் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சபை மழைக்காக உபவாசம் இருந்த மாதம் அது.

"எல்லாரும் மழை கேக்காங்க. நாம ஈரம் வேண்டாம்னு கேக்கோம். ஆண்டவருக்குக் குழப்பம் வராதா?" என்றேன்.

"எது கண்மாய், எது கழுத்துன்னு அவருக்குத் தெரியும். கண்ண மூடுங்க" என்றாள் எஸ்தர். என் குரலில் நான் அவளைச் சீண்டியது அதுதான் கடைசி.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தினமும் கட்டுப் பிரித்ததும் பழைய துணியைக் காட்டச் சொல்லிக் கைநீட்டுவேன். இழை இழையாகப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் ஓரத்தில் ஈரம். துணியை எஸ்தரிடம் நீட்டினேன். எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் வந்து பார்த்தார்.

"இது மூச்சு விட கழுத்துல வச்ச துளையில இருமி வந்த சளி. தையல் நல்லா இருக்கு. துணி பாக்கிறத எங்ககிட்ட விடுங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ஒரு சொட்டும் கசியவில்லை. கழுத்துத் துணி காய்ந்து கிடந்தது.

ஆண்டவர் வானத்திலிருந்து எதையும் இறக்கவில்லை. வேண்டாம் என்று நான் சண்டை போட்ட என் நெஞ்சுச் சதையிலேயே பதிலை வைத்திருந்தார். அந்த டாக்டரின் கைக்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். நீங்களும் பயப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் பிடிக்காத வழியில் வந்தால் என்னைப்போல் சண்டைக்கு நிற்காதீர்கள்.

முன்பெல்லாம் இந்தச் சபையில் என் ஆமென்தான் தெரு வரைக்கும் கேட்கும். இன்று எனக்குச் சத்தம் இல்லை. எனக்கும் சேர்த்து நீங்கள் சொல்லுங்கள்.