சால்வையைக் கழித்து

அன்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் இவர்கள். கிளினிக்குக்கு வந்த மருத்துவமாது; சிங்களவர், எங்களுக்கு மிஸ். பிள்ளைகளோடு தாய்மார் எட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால் கதவோரம் நின்ற ஒன்பதாவது ஒருத்தி, கடைசி லயத்து வீட்டில் குடியிருப்பவள். அவள் கையில் ஏழு மாதப் பெண்பிள்ளை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயது மூத்தவன். பிறகு நான், கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். தாய்மார் மலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என்னைக் கூப்பிடுவார்கள். குளவி கூடு கட்டினால் கூப்பிடுவார்கள், புகை போடத் தெரியும். கால் பிசகினால் கூப்பிடுவார்கள், நீவத் தெரியும். வீட்டுக்காரர் முதுகு பிடித்துப் படுத்த வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தேன். தேயிலையை வெட்டிவிடுவது ஆம்பிளை வேலை, ஆனாலும் தெரியும். கொரோனாவுக்கு சலூன் அடைத்திருந்தபோது லயத்து ஆம்பிளைகளுக்கெல்லாம் நான்தான் முடி வெட்டினேன். சின்ன வயதில் கொழும்பில் வீட்டு வேலை, அதில் சிங்களம் வந்தது. பிறகு சவூதியில் மூன்று வருடம். அங்கே ஒரு முழு ஆட்டைச் சோற்றோடு வேகவைக்கப் பழகினேன். இங்கே முழு ஆடு யாரிடம் இருக்கிறது. அந்த ஒன்றுக்குத்தான் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

இப்போது முழங்கால் வலிக்கிறது. தெரியாது என்று சொல்லியும் பழகியிருக்க வேண்டும்.

நாலு பிள்ளைகளை எடை பார்த்த பிறகு தொங்குதராசின் முள் அசையாமல் நின்றுவிட்டது. மிஸ் தட்டிப் பார்த்தார். கழற்றி மாட்டினார். அப்படியே நின்றது.

“கொழுந்துத் தராசக் கொண்டாரச் சொல்லுவமா?” என்றாள் ஒருத்தி.

“அது மேமலையில கெடக்கு. அதுல போட்டா சாக்குக்கு ரெண்டு கிலோன்னு கணக்கப்புள்ள கழிச்சிருவாரு. புள்ளயே மிஞ்சாது,” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். சிரிக்க வைத்தவளே என்னைக் காட்டிக்கொடுத்தாள். “பெரியம்மா கை இருக்கே மிஸ். தூக்கினாச் சொல்லிரும்.”

அது உண்மை. முப்பத்து நாலு வருடம் கொழுந்துச் சாக்கைத் தூக்கினேன். சாக்குக்கு என்று கழிப்பார்கள், மழை ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். மீதி சரியா என்று பார்க்க என்னிடம் வேறு தராசு இல்லை. கை பழகிக்கொண்டது.

மிஸ் நம்பவில்லை. ஏற்கெனவே எடை பார்த்த பையன் ஒருவனை என்னிடம் கொடுத்து, அவன் கார்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“எட்டு,” என்றேன். “ஒரு கை அரிசி கூட.”

கார்டைத் திருப்பினார். எட்டுக் கிலோ நூறு கிராம்.

“இத கார்டுல எழுதுறது இல்ல,” என்றார் மிஸ். “கொறஞ்ச பிள்ளை யாருன்னு பாக்கிறது மட்டும். கொறஞ்சா நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரி.”

மீதிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். “ஒன்பதரை. இவன நாளைக்கே மலைக்கு அனுப்பலாம்,” என்றேன் ஒருத்தியிடம். “அப்பன அனுப்புங்க பெரியம்மா, அந்தாளுதான் போறதில்ல,” என்றாள். தோள் விட்டுப்போயிருந்தது. யாருக்கும் குறையவில்லை.

கடைசியாகக் கதவோரத்தில் நின்றவள் வந்தாள். மிஸ் கார்டைப் பார்த்தார். போன மாதம் ஆறு கிலோ. அதற்கு முந்திய மாதமும் ஆறு. “இந்த மாசம் கொறஞ்சா வார்டுதான்,” என்றார்.

பிள்ளையை என் கையில் வைக்கும்போது அவள் காதருகே குனிந்தாள்.

“சால்வையோட சொல்லுங்க பெரியம்மா.”

“ஏன்டி?”

“வார்டுல போட்டா நானும் கூட நிக்கணும். பெரியவன யாரு பாப்பா? அவரு கொழும்புல.”

“என்ன குடுக்கிற இதுக்கு?”

“பால் வத்திருச்சு. தேத்தண்ணிதான்.”

சால்வையோடு ஆறரை இருந்தது. சொன்னால் முடிந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கனத்தது கம்பளிதான்.

கழிப்பது எனக்குப் பிடிக்காது. காலம் முழுக்கக் கழித்துத் தந்ததையே வாங்கியவள் நான். பிள்ளையை மேசையில் கிடத்திச் சால்வையை எடுத்தேன். ஒரு ஸ்வெட்டர். அதற்குள் இன்னொன்று. தொப்பி. இடுப்பில் ஈரத்துணி. ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினேன். அவள் அழவில்லை. வாங்கி வாங்கி மடித்தாள்.

“இவன் என்ன திம்பான்?” என்று மூத்தவனைக் காட்டிக் கேட்டேன்.

“என்ன பெரியம்மா?”

“ராத்திரிக்கு என்ன திம்பான்னு கேட்டேன். என்கிட்டதான படுக்கப்போறான்.”

“ரொட்டி,” என்றாள். “சீனி தொட்டு.”

“சுடத் தெரியும்.”

பிள்ளையைத் தூக்கினேன். வெறும் உடம்பு குளிருக்குச் சுருண்டது. கை சொல்லும்வரை நின்றேன்.

“கீயத அம்மே?” என்றார் மிஸ். எத்தனை என்று கேட்கிறார்.

“அஞ்சே முக்கால்.”