ஆறாவது கற்படுக்கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. இல்லாததை எழுதியவன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது.

1983, மார்ச் 24. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு குன்று. அதன் குகையில் சமண முனிவர்கள் படுத்த பழைய கற்படுக்கைகள். அதைச் சுற்றித் தொல்லியல் பூங்கா அமைக்க அளந்து வரைபடம் போடுவது என் வேலை. பூங்கா வந்தால் ஊருக்குத் தார்ச்சாலை வரும், பஸ் வரும், நெசவாளர்கள் அங்கேயே கடை போட்டுப் பட்டு விற்கலாம். பள்ளி ஆசிரியர் புஷ்பதந்தன் இதற்காகப் பதினோரு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். மூன்று முறை ஃபைல் திரும்பி வந்துவிட்டது. "அளவில் பிழை" என்று ஒரே வரி. நான்காவது முறையும் திரும்பினால் மூடிவிடுவார்கள்.

மாலை 5.35. புஷ்பதந்தன் சமணர், இருட்டிய பின் சாப்பிட மாட்டார். குடையை எடுத்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்டாகணும் சார். மொத்தம் அஞ்சு படுக்கை. அளந்துட்டு ஜல்தியா எறங்கிடுங்க."

"வாத்தியாருக்குப் பசிச்சா சூரியனும் ஜல்தியா எறங்கிடும்," என்றார் டேப் பிடிக்க வந்த அய்யாக்கண்ணு. புஷ்பதந்தன் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அய்யாக்கண்ணு டேப்பின் நுனியைத் தலைமாட்டில் பிடிப்பார். நான் கால்மாட்டில் படித்து எழுதுவேன். அளவுப் புத்தகத்தில் எல்லாம் மையில்தான். அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது.

ஐந்தையும் முடித்தபோது 6.10. உள்ளே மங்கிவிட்டது. மூலையில்... இன்னொரு படுக்கை.

எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருடமாக ஒருவருக்கும் எண்ணத் தெரியவில்லையா?

"அய்யாக்கண்ணு, இதையும் பிடிங்க."

டேப் இறுகியது.

1.68 மீட்டர். எழுதினேன்.

கல்லைத் தொட்டேன். மற்ற ஐந்தும் சில்லென்று இருந்தன.

இது... வெதுவெதுப்பாக இருந்தது.

சர்ர்ர்... டேப் என் கையிலிருந்து மெல்ல இழுபட்டது.

"போதும், விடுங்க."

டேப்பை என் பக்கம் இழுத்தேன்.

அப்போது குரல் கேட்டது. குன்றின் அடியிலிருந்து.

"சாமானெல்லாம் சைக்கிள்ல கட்டிகினு கீறேன் சார்! இன்னுமா முடியல?"

அய்யாக்கண்ணு.

டேப் இறுகியே இருந்தது...

போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை மூவரும் ஏறினோம். ஐந்து படுக்கைகள். மூலையில் வெறும் பாறை. டேப் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

புத்தகத்தில் ஆறு. ஆறாவதைக் கோடு போட்டு அடித்தாலும் பிழை, விட்டாலும் பிழை. அடித்துவிட்டு அனுப்பினேன். ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். என்ன சொல்வது? ஃபைல் மூடப்பட்டது. புஷ்பதந்தன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஃபைலைக் கட்டி வைப்பதற்கு முன் அதிலிருந்த பழைய வரைபடங்களைப் பிரித்தேன். 1972, 1976, 1980. வரைந்தவர்கள் மூன்று பேர். மூன்றிலும் ஆறு படுக்கைகள். ஆறாவதன் நீளம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

1980இல் வரைந்த தருமன் போளூரில் இருந்தார். தேடிப் போனேன். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். அவர் எழுதிய அளவு 1.83. நடந்ததைச் சொன்னேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உங்களுக்கு எவ்ளோ வந்துது?"

"ஒன்னு அறுபத்தெட்டு."

"சர்வீஸ் ரிஜிஸ்டர்ல உங்க உயரம் இன்னா போட்டுக்கீது, பாத்தீங்களா?"

மறுநாள் அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தேன்.

168 செ.மீ.