இரண்டு காதும் ஒன்றல்ல

மனிதனுக்கு இரண்டு காதும் ஒரே அளவு என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்த மூடநம்பிக்கையை ஒழிக்காமல் நாட்டில் இயர்பட்ஸ் வியாபாரம் செய்ய முடியாது. காதுத் துளை உள்ளே இருப்பதால் கண்ணாடியும் உண்மையைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு பக்கத்து பட்ஸ் மட்டும் நழுவி விழுந்து, பஸ் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் கடை. கேட் மூடினால் வியாபாரம். ரயில் ஹாரன் அடித்தால் இலவசச் சத்தப் பரிசோதனை.

காதை அடைக்குது

தை மாத அறுவடை மும்முரம். அறுப்பு மெஷின் ஓட்டும் செந்தில் வந்தார். மயிலாடுதுறையில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் கவிதா, பள்ளிக்கூட ஆசிரியை, பொங்கல் லீவில் இருந்தார். கொஞ்ச நாள் போனில் பேசிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று கவிதா சொல்லிவிட்டார். செந்திலோ விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மெஷின் மேல், ராத்திரி படுத்ததும் தூக்கம். “அவங்க பேசுறது கேக்கணும், மெஷின் சத்தம் கேக்கக் கூடாது. என் கல்யாணமே இதுலதாங்க இருக்கு” என்றார்.

பட்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் மூன்று அளவில் வரும். சிறியது வலது காதில் நின்றது, இடதில் நழுவியது. நடு அளவு இடது காதுக்குச் சரி, வலதுக்குப் பெரியது. ரயில் ஹாரன் அடித்தது. செந்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றி என்று நான் நிமிர்ந்தபோது, “காதை அடைக்குதுங்க” என்றார். அடைப்பதுதான் ஐயா இதன் தர்மம் என்று விளக்கினேன். வேறு கம்பெனி ரப்பர் மாற்றினேன். அப்போதும் அடைத்தது. கடைசியில்தான் சொன்னார், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று. எதிர்க்கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, முதலில் கழற்றிய அதே ரப்பரை மாட்டிப் பார்த்தார்.

“ரெண்டு வடை தின்னதும் ஃபிட் ஆயிடுச்சுங்க.”

யார் காது?

மறுநாளே செந்தில் திரும்பி வந்தார். “எனக்கு நல்லா கேக்குதுங்க. அவங்களுக்குத்தான் மெஷின் மட்டும் கேக்குதாம்.”

இது இரண்டாவது மூடநம்பிக்கை. உங்கள் காதில் செருகியது உங்கள் காதைத்தான் அடைக்கும். மயிலாடுதுறையில் இருக்கும் காதை அல்ல. மைக்குக்குச் செந்தில் குரலும் ஒன்றுதான், மெஷின் குரலும் ஒன்றுதான். ஒரு யோசனை சொன்னேன்: மைக்கை அணைத்துவிடுங்கள், அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். நெல்லை டிராக்டரில் கொட்டியதும் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். செந்தில் காதிலிருந்து பட்ஸைக் கழற்றினார்.

“நடுவுல ஒண்ணுமே சொல்லக் கூடாதா? எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லீங்களே.”

வரப்புக்கு அந்தப் பக்கம்

அடுத்த முறை செந்திலை ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். நிலத்துக்காரர் கோவிந்தராஜு. ரப்பர் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவர் கத்தியது கேட்காமல் செந்தில் வரப்பைத் தாண்டி, பக்கத்து வயலில் பாதியை அறுத்துவிட்டார். பக்கத்து வயல் கோவிந்தராஜுவின் பங்காளியுடையது.

“தொண்டை கிழியக் கத்துறேன், இவன் சிரிச்சிக்கிட்டே போறான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கு ஓசியில அறுத்துக் குடுத்திருக்கேன். முதல்ல இதைத் திருப்பி வாங்குங்க” என்றார்.

செந்தில் தலை குனிந்து, “இன்னிக்கு சாயங்காலம் முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்காங்க மாமா” என்றார். கோவிந்தராஜு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடது காது பட்ஸை மட்டும் பிடுங்கி என் மேஜையில் வைத்தார்.

“வலது காது அந்தப் பொண்ணுக்கு. இடது காது என் வயலுக்கு.”

சம்மதம்

அறுவடை முடிந்து ஒரு நாள் கேட் மூடியிருந்தபோது செந்திலும் கவிதாவும் கடைக்குள் வந்தார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. தொழில்முறை ஆர்வத்தில், எதைப் பார்த்துச் சம்மதித்தீர்கள் என்று கவிதாவிடம் கேட்டேன்.

“நான் வாயைத் திறந்தா எல்லாரும் குறுக்க பேசுவாங்க சார். இவரு டிராக்டர் வர்ற வரைக்கும் கேட்டாரு.”

அந்த வாரமே கல்யாணமாகாத மெஷின் டிரைவர்கள் நாலு பேர் வந்து ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கி, வலதை மட்டும் மாட்டிக்கொண்டு போனதில், என் மேஜை இழுப்பறையில் இப்போது இடது காது பட்ஸ் ஐந்து கிடக்கின்றன.